சகலை சொன்ன பேச்சு: பஸ்டர் கீட்டன் போட்ட ஒரு கையெழுத்து

1928-ன் தொடக்கத்தில் மௌனப்பட நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். வாரம் 3,000 டாலர் சம்பளம். முதலாளி, ஹாலிவுட்டின் மிகப் பெரிய ஸ்டூடியோவான எம்.ஜி.எம். படத்துக்குப் பணம் எங்கே புரட்டுவது, யார் வாங்கித் திரையிடுவார்கள் என்ற கவலை இனி இல்லை. ஐந்து வருடம் கழித்து, 1933 பிப்ரவரியில், அதே ஸ்டூடியோ அவரை வெளியே அனுப்பியது. அதற்குள் மனைவியும் பிள்ளைகளும் மாளிகை போன்ற வீடும் கையைவிட்டுப் போயிருந்தன. குடி மட்டும் கூடவே இருந்தது.

இந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடுகிற வழக்கம் உண்டு. பேசும்படம் வந்தது, மௌனப்பட நடிகர் காலியானார் என்பார்கள். வேறு சில நடிகர்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். கீட்டனுக்குப் பொருந்தாது. அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. நடக்கப் பழகிய வயதிலிருந்து மேடையில் வளர்ந்தவர். கரகரப்பான, அடித்தொண்டைக் குரல். சொல்லப்போனால் 1929-ல் வந்த 'ஸ்பைட் மேரேஜ்' படத்தைப் பேசும்படமாக எடுக்கலாம் என்று கேட்டவரே அவர்தான். மறுத்தது ஸ்டூடியோ. இன்னொன்று, அவருடைய பேசும்படங்கள் தோற்கவும் இல்லை. அவரே வெறுத்த 'சைட்வாக்ஸ் ஆஃப் நியூயார்க்' (1931), இன்று உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் 'த ஜெனரல்' படத்தைவிட அதிகம் வசூலித்தது.

அப்படியென்றால் எது போனது? அதைத் தெரிந்துகொள்ள, கையெழுத்துக்கு முன்னால் அவரிடம் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

பெட்டிப் பிடி தைத்த சட்டை

பஸ்டர் என்று பின்னால் பெயர் பெற்ற ஜோசப் ஃபிராங்க் கீட்டன் 1895 அக்டோபர் 4-ல், கான்சாஸ் மாநிலத்தில் பிக்வா என்ற சின்ன ஊரில் பிறந்தார். அது சொந்த ஊர்கூட இல்லை. அப்பா ஜோவும் அம்மா மைராவும் ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்தும் கலைஞர்கள். அன்றைக்கு அங்கே முகாம். பையன் மேடை ஏறியதும் 'மூன்று கீட்டன்கள்' என்ற பெயரில் குடும்பமே ஒரு நிகழ்ச்சியானது. அப்பாவுக்கு அடங்காத பிள்ளை, பிள்ளையைத் தூக்கி எறியும் அப்பா, இவ்வளவுதான் கதை. பையனைத் திரைச்சீலை மேல் எறிவார், வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் எறிவார். தூக்குவதற்கு வசதியாகச் சட்டையின் முதுகுப்பக்கத்தில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள். நியூயார்க்கின் குழந்தைப் பாதுகாப்புச் சங்கத்தினர் காயம் இருக்கிறதா என்று சட்டையைக் கழற்றிச் சோதித்ததும் உண்டு.

அங்கே இரண்டு பாடங்கள் படித்தார். ஒன்று, எப்படி விழுவது. இரண்டாவது இன்னும் முக்கியமானது. எறியப்படும்போது தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டால் கொட்டகை அதிர்கிறது. பிற்பாடு 'கல்முகம்' என்று பெயர் வாங்கித் தந்த அந்த முகபாவம் ஏதோ தத்துவத்தில் பிறந்ததல்ல. கைதட்டலை எண்ணிப் பார்த்துப் பழகிய தொழில் கணக்கு.

அப்பாவின் குடி முற்றிப்போனதால் 1917-ல் அந்த நிகழ்ச்சி கலைந்தது. எறிகிறவர் போதையில் இருந்தால் விழுகிறவனுக்கு உயிர் மிஞ்சாது. இருபத்தொரு வயதில் நியூயார்க் வந்த கீட்டனுக்கு, வாரம் 250 டாலருக்கு ஒரு பெரிய மேடை நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. ஒத்திகை தொடங்கும் முன் கிழக்கு 48-ஆம் தெருவில் இருந்த ஒரு படப்பிடிப்புக் கூடத்துக்குப் போனார். அன்றைய நகைச்சுவை நட்சத்திரம் ரோஸ்கோ ஆர்பக்கிள் அங்கே 'த புட்சர் பாய்' எடுத்துக்கொண்டிருந்தார். அன்றே ஒரு காட்சியில் நடித்தார். கேமராவை இரவல் வாங்கிப்போய், பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டிப் பார்த்தார். அப்புறம் 250 டாலர் மேடை வேலையை உதறிவிட்டு வாரம் 40 டாலருக்குச் சினிமாவில் சேர்ந்தார். பதினோரு வருடம் கழித்துப் போட்ட கையெழுத்தோடு இதை வைத்துப் பார்த்தால், மனிதருக்குப் பணக்கணக்கு எப்போதுமே இரண்டாம் பட்சம் என்று தெரியும். அவர் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

பட்டறை

ஆர்பக்கிள் படங்களின் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க். 1920-ல் அவர் ஆர்பக்கிளைப் பாரமவுண்ட் ஸ்டூடியோவின் முழுநீளப் படங்களுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் கீட்டனை உட்கார வைத்தார். ஒரு காலத்தில் சாப்ளின் படமெடுத்த இடமே கீட்டனின் ஸ்டூடியோ ஆனது. அடுத்த எட்டு ஆண்டுகளில் அங்கிருந்து வந்தவைதான் இன்று நாம் கீட்டன் படங்கள் என்று சொல்பவை: 19 குறும்படங்கள், 10 முழுநீளப் படங்கள்.

அந்த இடம் இயங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். வசனப் பிரதி என்று எதுவும் கிடையாது. கீட்டனும் கிளைட் பிரக்மன், ஜீன் ஹாவேஸ், ஜோசப் மிட்செல் போன்ற எழுத்தாளர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். தொடக்கமும் முடிவும் கிடைத்தால் போதும், நடுப்பகுதி தானே வந்துவிடும் என்பது கீட்டனின் நம்பிக்கை. ஃபிரெட் கபூரி என்ற தொழில்நுட்ப வல்லுநர் இருந்தார். சுழலும் வீடு, மூழ்கும் படகு எது கேட்டாலும் கட்டித் தருவார். ஒளிப்பதிவுக்கு எல்ஜின் லெஸ்லி. படப்பிடிப்பில் யோசனை தட்டுப்பட்டால் மொத்தக் கூட்டமும் பேஸ்பால் ஆடப் போய்விடும். ஆட்டத்தின் நடுவில் யாருக்காவது பொறி தட்டினால் மட்டையைப் போட்டுவிட்டுக் கேமராவுக்குத் திரும்புவார்கள். எடுத்த காட்சி சரியில்லை என்றால் தூக்கிப் போடுவார்கள். கணக்குப்பிள்ளை யாரும் வந்து ஏன் என்று கேட்க மாட்டார்.

'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்தில் ஒரு பகுதி உண்டு. தூங்கிப்போன திரையரங்கு ஆபரேட்டர் கனவில் திரைக்குள் நுழைகிறார். காட்சி மாறிக்கொண்டே இருக்கிறது. தோட்டம், தெரு, மலை விளிம்பு, கடல் பாறை. அவர் மட்டும் இம்மி பிசகாமல் அதே நிலையில் நிற்கிறார். கணினி இல்லாத காலம். ஒவ்வோர் இடத்திலும் கேமராவுக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தை அளவைக் கருவிகளால் அளந்து பொருத்தினார்கள். அதே படத்தில் ரயில்நிலையத் தண்ணீர்த் தொட்டிக் குழாயைப் பிடித்துத் தொங்கும்போது தண்ணீர் பாய்ந்து அவரைக் கீழே அடித்தது. பிடரி தண்டவாளத்தில் மோதியது. சில நாள் தலைவலி, அவ்வளவுதான் என்று நினைத்தார். பல வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் கழுத்தெலும்பு முறிந்து கூடியிருந்தது தெரிந்தது.

இந்தச் சுதந்திரம் எங்கே போய் முடியும் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1926-ல் 'த ஜெனரல்' எடுக்க ஓரிகன் மாநிலத்தின் காட்டேஜ் குரோவுக்கு யூனிட்டையே கொண்டுபோனார். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கதை. நிஜ ரயில் எஞ்சின்கள், நூற்றுக்கணக்கில் சிப்பாய் வேடத்தினர். ஜூலை 23-ல், ரோ ஆற்றின் மேல் எரியும் பாலத்தில் ஒரு நிஜ எஞ்சினை ஓட்டவிட்டு ஆற்றுக்குள் விழவைத்தார். பொம்மை ரயிலில் எடுத்திருக்கலாம். போலி தெரிந்தால் சிரிப்பு போய்விடும் என்பது அவர் பிடிவாதம். அந்த ஒரு ஷாட்டுக்கு 42,000 டாலர் என்று சொல்வார்கள். அதற்கு இரண்டாவது டேக் கிடையாது. விழுந்த எஞ்சின், இரண்டாம் உலகப் போரில் பழைய இரும்புக்காகத் தோண்டி எடுக்கப்படும்வரை ஆற்றிலேயே கிடந்தது.

மொத்தச் செலவு ஏழரை லட்சம் டாலரை ஒட்டி. உள்நாட்டு வசூல் ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. அன்றைய விமர்சகர்கள் பலர் இது நகைச்சுவைப் படமா, போர்ப்படமா என்று முகம் சுளித்தார்கள். அடுத்த படமான 'காலேஜ்' சுமார் ரகம். அதற்கடுத்து 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928). க்ளைமாக்ஸில் வெள்ளம் வைத்திருந்தார்கள். 1927-ல் மிசிசிப்பி வெள்ளத்தில் நிஜமாகவே மக்கள் செத்திருந்ததால் அதைச் சூறாவளியாக மாற்றினார்கள். செலவு இன்னும் ஏறியது. வசூலும் கைகொடுக்கவில்லை.

சூறாவளிக் காட்சியில்தான் அந்தச் சுவர் வருகிறது. இரண்டு டன் எடையுள்ள வீட்டு முகப்பு அப்படியே முன்னால் சரிகிறது. மாடி ஜன்னல் திறப்பு அவர் நிற்கிற இடத்துக்கு நேராக வந்து விழுகிறது. உடம்பைச் சுற்றிச் சில அங்குலம்தான் இடைவெளி. ஜாக்கி சான் 'புராஜெக்ட் ஏ' இரண்டாம் பாகத்தில் இதைத் திரும்பச் செய்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். கீட்டன் கண்ணை மூடவில்லை, தோளைக் குறுக்கவில்லை. ஸ்டூடியோவை மூடப்போகிறார்கள் என்ற சேதி அவர் காதுக்கு வந்ததும் இந்தப் படத்தின் நாட்களில்தான்.

யாருடைய சொத்து?

இந்த வழக்கின் முடிச்சு இங்கே இருக்கிறது.

1921-ல் கீட்டன் நடாலி டால்மட்ஜைக் கல்யாணம் செய்துகொண்டார். நடாலியின் அக்கா நார்மா டால்மட்ஜ் அன்றைய பெரிய நட்சத்திரம். நார்மாவின் கணவர் ஜோசப் ஷெங்க். ஆக, முதலாளி ஷெங்க் இப்போது கீட்டனுக்குச் சகலை. நம் ஊரிலும் இப்படி நடக்கும்: சகலையோடு தொழில் செய்கிறவர்கள் பத்திரம் எழுதிக்கொள்வதில்லை, எழுதினாலும் வாசிப்பதில்லை. கம்பெனியின் பெயர் 'பஸ்டர் கீட்டன் புரொடக்ஷன்ஸ்'. ஆனால் அதில் பஸ்டர் கீட்டனுக்குப் பங்கு கிடையாது. சம்பளமும் லாபத்தில் 25 சதவீதமும்தான். பங்குகள் ஷெங்கிடமும் அவருடைய கூட்டாளிகளிடமும் இருந்தன. ஸ்டூடியோவும் படங்களும் கம்பெனியின் சொத்து.

சாப்ளின் 1918 முதல் சொந்த ஸ்டூடியோவில் படமெடுத்தார், படங்களின் உரிமையும் அவருடையது. இன்னொரு மௌனப்பட நகைச்சுவை நட்சத்திரமான ஹெரால்ட் லாயிட் 1924-ல் தனிக் கம்பெனி தொடங்கி, படங்களைத் தன் பெயரில் வைத்துக்கொண்டார். மூவரில் திரையில் எந்திரங்களை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டவர் கீட்டன். தான் சுற்றிக்கொண்டிருந்த எந்திரம் யாருடையது என்று மட்டும் அவர் பார்க்கவில்லை.

ஷெங்க் சுயேச்சைத் தயாரிப்பிலிருந்து விலக முடிவு செய்தார். அவருடைய தம்பி நிக்கலஸ் ஷெங்க், எம்.ஜி.எம்.-மின் தாய்க் கம்பெனியான லோயூஸின் தலைவராக 1927-ல் வந்திருந்தார். நிக் உன்னைப் பார்த்துக்கொள்வான், அங்கே போ என்றார் சகலை. சாப்ளின் வேண்டாம் என்றார். லாயிட் வேண்டாம் என்றார். பெரிய ஸ்டூடியோவில் உன் படம் உன் கையில் இருக்காது என்பதுதான் இருவர் சொன்னதன் சாரம். கீட்டன் சகலையின் பேச்சைக் கேட்டார். பிற்பாடு எழுதிய தன்வரலாற்றில், வாழ்க்கையிலேயே தான் செய்த மிகப் பெரிய தவறு இதுதான் என்று குறிப்பிட்டார்.

இதைத் துரோகம் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரிசையாக மூன்று படங்கள் முதலைத் திருப்பித் தரவில்லை. ஒலி வேறு கதவைத் தட்டிக்கொண்டிருந்தது, செலவு இன்னும் கூடும். ஷெங்க் ஒரு வியாபாரி செய்வதைச் செய்தார். 40 டாலரில் தொடங்கியவருக்கு 3,000 டாலர் வாங்கித் தருவதை உதவி என்றே அவர் நினைத்திருக்கலாம்.

எல்மர்

எம்.ஜி.எம்.-மில் தயாரிப்புப் பொறுப்பு இர்விங் தால்பெர்கிடம். கெட்டிக்காரர், கீட்டனை மதித்தவரும்கூட. ஆனால் அந்த ஸ்டூடியோ ஓடிய முறை வேறு. முதலில் முழுப் பிரதி, ஒவ்வொரு காட்சிக்கும் பட்ஜெட், மேலதிகாரி ஒப்புதல், அப்புறம்தான் கேமரா. முதல் படமான 'த கேமராமேன்' (1928) கதையில் இருபதுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் கைவைத்தார்கள் என்று கீட்டன் புலம்பியிருக்கிறார். நியூயார்க் தெருக்களில் எடுக்கப் போனபோது அவரைப் பார்க்கக் கூடிய கூட்டத்தில் போக்குவரத்தே நின்றது. அதன் பிறகு தால்பெர்கிடம் பேசி, பிரதியில் பாதியைக் கழற்றிப் போட அனுமதி வாங்கினார். ஆளில்லாத யாங்கீ ஸ்டேடியத்தில் தனியாக நின்று, பந்து வீசுபவர், அடிப்பவர், ஓடுபவர் என ஒரு முழு பேஸ்பால் ஆட்டத்தை வெறுங்கையால் ஆடிக்காட்டும் காட்சி அப்படி வந்ததுதான். அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்வதும் அந்தக் காட்சியைத்தான்.

படம் வெற்றி. ஆனால் ஸ்டூடியோ அதிலிருந்து படித்த பாடம் தலைகீழானது: எங்கள் முறையில் கீட்டன் படம் ஓடுகிறது. அடுத்தடுத்து கயிறு இறுகியது. பழைய குழு கலைந்து ஆளுக்கொரு திசையில் போனது. அடிபட்டால் படப்பிடிப்பு நின்று நஷ்டமாகும் என்று ஆபத்தான சாகசங்களுக்குத் தடை வந்தது. கழுத்து முறிந்ததே தெரியாமல் வேலை செய்தவருக்கு டூப் போட்டார்கள்.

ஒலி வந்த பிறகு பாத்திரமே மாறிவிட்டது. பழைய படங்களில் கீட்டன் அப்பாவியாகத் தொடங்குவார், முட்டாளாக அல்ல. ரயில், கப்பல், காற்று என்று தன்னைவிடப் பெரிய ஒன்று குறுக்கே வரும். அதன் விதிகளைப் படித்து, அதை வைத்தே தப்பிப்பார். எம்.ஜி.எம். அவருக்கு ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கொடுத்தது: எல்மர். எல்மர் வெறும் அசடு. தடுக்கி விழுவான், திட்டு வாங்குவான், பார்ப்பவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். 'ஃப்ரீ அண்ட் ஈஸி' (1930) முடிவில் அவருக்குக் கோமாளி வேடம் பூசி, காதலி இன்னொருவனிடம் போவதைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். அந்தக் காட்சியை இரண்டாவது முறை பார்க்க எனக்கு மனம் வரவில்லை. முகத்தைக் கல்லாக வைத்து உலகத்தைச் சிரிக்க வைத்தவரிடம் பரிதாபம் பிழிந்தால் என்ன வரும்?

வசனம் இன்னொரு தலைவலி. டப்பிங் பழக்கத்துக்கு வராத காலம் என்பதால், ஒரே காட்சியை ஆங்கிலத்தில் எடுத்து முடித்ததும் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என்று மறுபடி எடுத்தார்கள். கீட்டன் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்து பேசினார். பிறகு ஜிம்மி டுராண்டேயை ஜோடி சேர்த்தார்கள். டுராண்டே வாய் ஓயாமல் பேசுகிறவர். திறமைசாலிதான், ஆனால் இருவரும் ஒரே சட்டகத்தில் நின்றால் சத்தம் மட்டுமே கேட்கும்.

இதற்கு நடுவே வீடு சிதைந்துகொண்டிருந்தது. பெவர்லி ஹில்ஸில் கட்டிய இத்தாலிய பாணி மாளிகை, பல நாளாகப் பேச்சுவார்த்தை குறைந்த தாம்பத்தியம், கூடிக்கொண்டே போன குடி. 1932-ல் விவாகரத்து. இரண்டு மகன்களின் குடும்பப் பெயரையே நடாலி டால்மட்ஜ் என்று மாற்றினார். கீட்டன் கால்ஷீட் தவறினார், வந்த நாளிலும் போதையில் வந்தார். 1933-ல் 'வாட்! நோ பீர்?' முடிந்ததும் ஸ்டூடியோ தலைவர் லூயிஸ் பி. மேயர் அவரை நீக்கினார். குடியில் மூழ்கியிருந்தவர் அங்கே நாயகனாக நடித்த கடைசிப் படத்தின் கதை, மதுவிலக்கு முடிந்துவிட்டதாக நினைத்து பீர் ஆலை நடத்துவது. எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை.

சரி, குடிதானே காரணம்? குடியும் காரணம்தான். நீக்கியதற்கு ஸ்டூடியோவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வரிசையைப் பார்க்க வேண்டும். 1920-களிலும் அவர் குடித்தார், படங்கள் வந்துகொண்டிருந்தன. பட்டறை போனது 1928-ல். குடி வேலையைத் தின்னத் தொடங்கியது அதன் பிறகு. சுதந்திரம் இருந்திருந்தால் நிச்சயம் தப்பியிருப்பார் என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். சொந்தக் கம்பெனி வைத்திருந்த லாயிடின் பேசும்படங்களும் மெல்ல மெல்ல மங்கின. ஆனால் லாயிட் தன் படங்களின் சொந்தக்காரராக ஓய்வு பெற்றார்.

வாரம் நூறு டாலர்

அடுத்த சில வருடங்கள் இருட்டு. சிகிச்சை, மறுபடி குடி, ஒரு நர்ஸுடன் அவசரக் கல்யாணம், அதற்கும் விவாகரத்து. எஜுகேஷனல் பிக்சர்ஸ் என்ற சின்ன கம்பெனிக்கு 16 குறும்படங்கள், பிறகு கொலம்பியாவுக்குப் பத்து. எல்லாமே சில நாட்களில் எடுத்து முடித்தவை.

1937-ல் எம்.ஜி.எம்.-முக்கே திரும்பினார், நடிகராக அல்ல. நம் பாஷையில் சொன்னால் காமெடி ட்ராக் எழுதுகிறவராக. சம்பளம் வாரம் 100 டாலர். மார்க்ஸ் சகோதரர்களுக்கு யோசனை சொன்னார். ரெட் ஸ்கெல்டன் என்ற நடிகர் வளர்ந்து வந்தபோது அவருக்கு வேலை செய்தார். இங்கேதான் இந்த வழக்கின் மிகக் கசப்பான சான்று இருக்கிறது. ஸ்கெல்டனின் 1943 படம் 'ஸ்பைட் மேரேஜ்' படத்தின் மறுஆக்கம். 1950-ல் வந்த இன்னொன்று 'த கேமராமே'னின் மறுஆக்கம். உரிமை ஸ்டூடியோவிடம். தான் நடித்த படத்தை இன்னொருவர் நடிக்க, அதற்குச் சிரிப்பு சேர்த்துக் கொடுத்துச் சம்பளம் வாங்கினார் கீட்டன்.

'எ சதர்ன் யாங்கீ' (1948) என்ற ஸ்கெல்டன் படத்துக்கு அவர் கொடுத்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். உள்நாட்டுப் போர். எதிரெதிரே இரு படைகள். ஸ்கெல்டன் நடுவில் நடந்து வருகிறார். உடையில் ஒரு பாதி வடக்கின் சீருடை, மறு பாதி தெற்கின் சீருடை. கையில் கொடியும் அப்படியே, பக்கத்துக்கு ஒன்று. இரு படைகளும் தங்கள் ஆள் என்று ஆரவாரம் செய்கின்றன. காற்று திசை மாறிக் கொடி திரும்புகிறது. பிரச்சினை, அதன் தீர்வு, தீர்வே பிரச்சினையாவது. ஒரு வசனமும் தேவையில்லை. பட்டறைக்காரரின் மூளை அப்படியே இருந்தது. பட்டறைதான் இல்லை.

மீட்பு என்று சொல்லலாமா?

1940-ல் எம்.ஜி.எம்.-மின் நடனக் கலைஞர் எலினார் நாரிஸைக் கல்யாணம் செய்தார். அவருக்கு 44 வயது, பெண்ணுக்கு 21. பிரிட்ஜ் சீட்டாட்டம் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் பழக்கம். நிலைக்காது என்றார்கள் நண்பர்கள்; கடைசிவரை நிலைத்தது. 1947-ல் பாரீஸின் மெட்ரானோ சர்க்கஸில் ஆடினார். 1949-ல் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி 'லைஃப்' இதழில் மௌன நகைச்சுவை பற்றி எழுதிய நீண்ட கட்டுரை அவரைச் சாப்ளின், லாயிடோடு ஒரே வரிசையில் வைத்தது. 'சன்செட் புலவார்ட்' (1950) படத்தில் சீட்டு மேசையில் சில நொடி, 'லைம்லைட்' (1952) படத்தில் சாப்ளினோடு ஒரு மேடைக் காட்சி.

பழைய படங்களின் பிரதிகள் பல காணாமல் போய்விட்டதாகவே நினைத்திருந்தார்கள். பெவர்லி ஹில்ஸ் மாளிகையைப் பிற்பாடு வாங்கியவர் நடிகர் ஜேம்ஸ் மேசன். அங்கே ஒரு மறைவான அறையில் படச்சுருள் பெட்டிகளைக் கண்டெடுத்தார். விவாகரத்தின்போது அவை அங்கேயே தங்கிவிட்டன. ரேமண்ட் ரோஹவர் என்ற விநியோகஸ்தர் கீட்டனோடு சேர்ந்து படங்களைத் தேடிச் சேர்த்து மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தார். 1960-ல் கௌரவ ஆஸ்கர். 1965-ல் வெனிஸ் விழாவில் எழுந்து நின்று கைதட்டினார்கள். 1966 பிப்ரவரி 1-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார், 70 வயது. 1989-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டுக்கு முதல் தொகுதிப் படங்களைத் தேர்ந்தெடுத்தபோது 'த ஜெனரல்' அதில் இருந்தது.

பாரமவுண்ட் 1957-ல் அவர் வாழ்க்கையைப் படமாக்கியது. உண்மைக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. உரிமைக்காகக் கொடுத்த 50,000 டாலரை வைத்து உட்லண்ட் ஹில்ஸில் பழமரங்கள் சூழ்ந்த ஒரு சின்ன வீடு வாங்கினார். அங்கே ஒரு பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் போட்டார். விருந்தாளிகள் வந்தால் தின்பண்டத்தை அந்த ரயிலில் ஏற்றி அனுப்புவார். அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை.